15 புள்ளி, 8 வரை: லூப்புக்குள் போட்ட கோலம்

அம்மாவிடம் ஒரு பழைய நீளக் குறிப்பேடு இருக்கிறது. பக்கத்துக்கு ஒரு கோலம். ஓரத்தில் பென்சிலால் '15 – 8 இடை', '7 – 1 நேர்' என்று சின்னதாக ஒரு குறிப்பு, அவ்வளவுதான். எங்கள் குடியிருப்பில் ஏழெட்டுப் பிள்ளைகள் அவளிடம் கோலம் கற்க வருகிறார்கள். மார்கழிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, "புள்ளி மட்டும் வெச்ச தாள் கொஞ்சம் பிரிண்ட் போட்டுக் குடுடா. இதுங்களுக்குப் புள்ளி வைக்கவே அரைமணி ஆயிடுது, அப்புறம் எங்க கோலம் போடறது" என்றாள்.

புள்ளிக்கு நேர்கீழே புள்ளி வரும் நேர்ப்புள்ளிக்குக் கட்டம் போட்ட கணக்கு நோட்டு போதும். இடைப்புள்ளிக்கு உதவாது, ஒரு வரிசையின் புள்ளி அடுத்த வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே விழ வேண்டும். (எங்கள் பக்கம் இடைப்புள்ளி. ஊடுபுள்ளி, சந்துப்புள்ளி என்றும் சொல்கிறார்கள்.) மவுஸால் ஒவ்வொன்றாக வைக்கலாம்தான், ஆனால் குறிப்பேட்டில் நாற்பது சொச்சம் அளவுகள் இருக்கின்றன. நான் கேள்வித்தாள் படங்களை லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில், படம் வரைய அதற்குள் இருக்கும் டிக்ஸ் என்ற பொதியை வைத்து வரைகிறவன். டிக்ஸ் என்பதன் ஜெர்மன் விரிவுக்கே 'டிக்ஸ் ஒரு வரைதல் மென்பொருள் அல்ல' என்றுதான் பொருள். அதை உருவாக்கிய டில் டான்டாவ் வைத்த குறும்புப் பெயர். மவுஸ் கிடையாது, எல்லாம் எழுத்தில் சொல்ல வேண்டும். ஒரே சாயலில் நாற்பது படம் வேண்டுமென்றால் அதுதான் வசதி. ஒரு மாலையில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஒன்பது நாள் ஆனது.

நான் எழுதிய நிரலை (கோட்) அப்படியே இங்கே ஒட்டவில்லை. சரக்கு எந்த மொழிக்கும் ஒன்றுதான், அதனால் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். வ என்றால் வரிசை எண், இ என்றால் வரிசைக்குள் இடம்.

முதல் படம் 15 – 8 இடை. மேலே 8, அடுத்து 9, ஏறி ஏறி நடுவில் 15, திரும்ப இறங்கி 8. மொத்தம் 15 வரிசை. மேலிருந்து எண்ண ஆரம்பித்தேன்:

வ = 0 முதல் 14 வரை:
    எண்ணிக்கை = (வ < 8) என்றால் 8 + வ, இல்லையேல் 23 − வ
    அத்தனை புள்ளியை நடுவில் வருமாறு வை

அந்த 'என்றால், இல்லையேல்' ஒரே வரியில் இருப்பதைக் கவனியுங்கள். வழக்கமான இஃப் என்பது 'இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்' என்று வேலையைப் பிரிக்கும். இது வேலையைப் பிரிப்பதில்லை. ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. டிக்ஸின் கணக்குப் பகுதியில் கேள்விக்குறியும் முக்காற்புள்ளியும் போட்டு எழுதலாம், இல்லாவிட்டால் அதற்கென்றே இருக்கும் சார்பை (கொடுத்ததை வாங்கி விடை சொல்லும் சின்ன நிரல்) கூப்பிடலாம். லூப்புக்குள், அதாவது ஒரே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் சுற்றுக்குள், படம் வரையும்போது இந்த வகைதான் கைக்கு அடக்கம். புள்ளி வைக்கிற வரி ஒன்றே ஒன்று இருக்கும், அதற்குள் போகிற எண் மட்டும் மாறும்.

தாளை அச்சடித்துக் கொடுத்தேன். அம்மா கண்ணாடியைக்கூடப் போடவில்லை.

"ஏண்டா, நடுவுல ரெண்டு வரிசை நேர்ப்புள்ளியா நிக்குதே?"

நின்றது. 15 புள்ளி வரிசை இரண்டு முறை வந்திருந்தது. இரண்டுக்கும் எண்ணிக்கை ஒன்றே என்பதால் இரண்டும் நடுவைப் பார்த்து ஒரே மாதிரி உட்கார்ந்து, புள்ளிக்குக் கீழே புள்ளி. கடைசி வரிசையும் 8-ல் முடியாமல் 9-ல் முடிந்திருந்தது. 'எட்டாவதிலிருந்து 15 குறையத் தொடங்கும்' என்று மனதில் ஓட்டி, 15 − (வ − 8) என்று போட்டு 23 − வ ஆக்கியிருக்கிறேன். அந்த 15 ஏற்கெனவே வ = 7-ல் செலவாகிவிட்டது. 22 − வ என்று மாற்றியதும் சரியானது. கணினியில் நான் இரண்டு தரம் பெரிதாக்கிப் பார்த்தும் என் கண்ணில் படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அம்மா புள்ளி வைப்பதை அன்று மாலைதான் நின்று பார்த்தேன். அவள் மேலிருந்து ஆரம்பிப்பதே இல்லை. முதலில் நடுவரிசை, 15. பிறகு அதற்கு அந்தப் பக்கம் 14, இந்தப் பக்கம் 14. பிறகு 13, 13. '15 புள்ளி, 8 வரை' என்ற சொல்வழக்கே நடுவிலிருந்து கிளம்புகிறது. நான்தான் மேலிருந்து எண்ணி, ஏறுவது ஒரு கணக்கு, இறங்குவது ஒரு கணக்கு என்று பிரித்து, நடுவில் ஒரு கண்டிஷனை ஒட்டுப்போட்டிருக்கிறேன். நடுவரிசைக்கு 0 என்று பெயர் வைத்தால்:

வ = −7 முதல் 7 வரை:
    எண்ணிக்கை = 15 − |வ|

கண்டிஷன் போயே போய்விட்டது. |வ| என்றால் குறியைத் தள்ளிவிட்டு எண்ணை மட்டும் எடுப்பது. உள்ளே அதுவும் ஒரு 'என்றால், இல்லையேல்' தானே என்று கேட்டால், ஆமாம், ஆனால் அதில் தப்பு விட எனக்கு வாய்ப்பில்லை.

சரியா என்று பார்க்க மொத்தப் புள்ளியை எண்ணச் சொன்னேன். 8 முதல் 14 வரை கூட்டினால் 77. இரண்டு பக்கத்துக்கும் 154. நடு 15. ஆக 169 வர வேண்டும். பழைய தப்புப் படத்தில் 176 இருந்திருக்கும். லூப்புக்கு முன்னால் மொத்தம் = 0 என்று வைத்து, உள்ளே ஒன்று கூட்டி, முடிந்ததும் அச்சிட்டால் 0 என்று வந்தது. படத்தில் புள்ளிகள் பளிச்சென்று இருக்கின்றன, எண்ணிக்கை 0! டிக்ஸின் லூப் ஒவ்வொரு சுற்றையும் ஒரு தனி அறைக்குள் ஓட்டுகிறது. உள்ளே மாற்றிய மதிப்பு அறைக் கதவு மூடும்போதே அழிந்துவிடும். பைத்தான் நிரல்மொழியில் பழகியவர்கள் எல்லாரும் இங்கே ஒரு தரம் விழுவார்கள். வெளியே தெரிய வேண்டிய மதிப்பை 'எல்லா இடத்துக்கும்' என்று அறிவித்து வைக்க வேண்டும். லேடெக்கின் கவுண்டர்கள் (எண்ணிக்கை வைத்துக்கொள்ளும் பெட்டிகள்) பிறவியிலேயே அப்படி, அதற்கு மாற்றினேன். 169.

வரிசைகளுக்கு இடையே எவ்வளவு உயரம் என்று ஒரு கேள்வி. பக்கவாட்டில் 1 என்றால் உயரம் 0.866 வைத்தால் எல்லாப் பக்கத்துப் புள்ளிகளும் சம தூரத்தில் இருக்கும், மொத்த உருவம் சரியான அறுகோணமாக வரும். அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அதுவே சான்றிதழ்.

நேர்ப்புள்ளிக்குக் கணக்கில் ஒரே மாற்றம். 7 – 1 நேர் என்றால் 1, 3, 5, 7, 5, 3, 1. ஒரு வரிசைக்கு இரண்டிரண்டாகக் குறையும், 7 − 2|வ|, மொத்தம் 25. இரண்டு வகைக்கும் ஒரே கோட் போதும் என்று, லூப்புக்குள் 'இடையா நேரா' என்று ஒரு கேள்வியைப் போட்டேன். ஓடியது. ஆனால் ஒரு தாள் முழுக்க விடை மாறாத கேள்வியை ஒவ்வொரு வரிசையிலும் கேட்பானேன்? லூப்புக்கு வெளியே, 'குறைவு = இடை என்றால் 1, நேர் என்றால் 2' என்று ஒருமுறை கேட்டுவிட்டு, உள்ளே குறைவு × |வ| என்று வைத்தேன். வேகத்துக்காக இல்லை, இந்தச் சின்னப் படத்துக்கு வேகம் யாருக்கு வேண்டும்? ஒரு மாதம் கழித்துப் படிக்கும்போது, உள்ளே இருக்கிற கண்டிஷன் எல்லாம் சுற்றுக்குச் சுற்று மாறுகிறவை என்று நம்பிப் படிக்கலாம்.

அடுத்து அம்மாவின் விருப்பப் பட்டியல். ஒன்று, வரிசை தவறாமலிருக்க ஒன்றுவிட்டு ஒரு வரிசை வெளிர்ச் சாம்பலில் வேண்டும். சுலபம். வ-வை 2-ஆல் வகுத்து மிச்சம் 1 என்றால் சாம்பல், இல்லையேல் கறுப்பு. படத்தில் நடுவுக்கு மேல்பாதியில் மட்டும் சாம்பல் வந்தது, கீழ்ப்பாதி முழுக்கக் கறுப்பு. நடுவிலிருந்து எண்ணியதன் விலை இது. −3-ஐ 2-ஆல் வகுத்தால் மிச்சம் என்ன? டிக்ஸின் சாதாரண வகுமீதிச் சார்பு −1 என்கிறது. −1 என்பது 1 இல்லை, ஆகவே கறுப்பு. பைத்தான் இதே கேள்விக்கு 1 என்று சொல்லும், சி மொழி −1 என்று சொல்லும். டிக்ஸில் அதே சார்பின் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாகப் போட்டால் மிச்சம் எப்போதும் குறையெண் ஆகாமல் வரும். நான் அதையும் நம்பாமல் கேள்வியை மாற்றிவிட்டேன்: 'மிச்சம் 0 இல்லை என்றால்'. 0-க்குக் குறி கிடையாது. எந்த மொழிக்குப் போனாலும் அது 0-தான்.

இரண்டு, இடதுபாதி கறுப்புப் புள்ளி, வலதுபாதி உள்ளீடற்ற வட்டம். இடதுபாதியை அம்மா போட்டுக் கொடுப்பாள், பிள்ளைகள் பார்த்து வலதுபாதியை முடிக்க வேண்டும். நடுக்கோட்டில் இ 0, வலப்பக்கம் கூட்டல் எண், இடப்பக்கம் குறையெண். '0 < இ என்றால் வட்டம், இல்லையேல் புள்ளி' என்று எழுதினேன். இந்தத் தடவை டிக்ஸின் கணக்குப் பகுதியைக் கேட்காமல், அதற்கும் அடியில், லேடெக்குக்கே அடித்தளமாக இருக்கும் டெக் என்ற மென்பொருளின் முழு எண் ஒப்பீட்டை நேரடியாகப் போட்டேன். இரண்டு நாள் போன இடம் இதுதான்.

படம் கிட்டத்தட்டச் சரி. ஆனால் 14, 12, 10, 8 புள்ளி வரிசைகளில் நடுக்கோட்டுக்கு வலப்பக்கம் ஒட்டியிருக்கும் முதல் புள்ளி மட்டும் கறுப்பாகவே நின்றது. மேலும் கீழுமாக எட்டு வரிசை, எட்டுப் புள்ளி. மற்றவை எல்லாம் வட்டம். இரட்டைப்படை எண்ணிக்கையுள்ள வரிசையில் நடுவில் புள்ளி கிடையாது, இடங்கள் 0.5, 1.5, 2.5 என்று அரையில் வரும். டெக்கின் முழு எண் ஒப்பீடு 0.5-ஐப் படிக்கும்போது 0 என்று எடுத்துக்கொண்டு தசமப்புள்ளியிடம் நின்றுவிடுகிறது. 0-ஐ விட 0 பெரிதா? இல்லை. ஆகவே கறுப்பு. 1.5-ல் 1-ஐப் படித்து 'பெரிது' என்று சரியாகவே சொல்கிறது. ஆனால் மிச்சமிருக்கும் '.5' என்ன ஆகும்? அதைப் படத்தில் அச்சிட வேண்டிய எழுத்து என்று நினைத்துக்கொள்கிறது. டிக்ஸ் படத்துக்குள் நடப்பில் இருப்பது ஒரு வெற்று எழுத்துரு. அதில் எந்த எழுத்தும் கிடையாது. அதனால் தாளில் ஒன்றும் தெரியவில்லை. பதிவுக் கோப்பைத் திறந்தால் வரிசையாக ஒரே புலம்பல்: இந்த எழுத்துருவில் '.' இல்லை, இந்த எழுத்துருவில் 5 இல்லை, மறுபடி '.' இல்லை. புள்ளிக்கோலம் போட வந்தவனிடம் புள்ளி இல்லை என்று நூறு முறை சொல்லியிருக்கிறது. நான்தான் பதிவுக் கோப்பைப் பார்க்காமல் படத்தையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

ஒப்பீட்டைக் கணக்குப் பகுதிக்கு மாற்றினாலே போதும், சரியாகிவிடும். ஆனால் லூப்பில் பின்ன எண் இருப்பதே எனக்கு உறுத்தியது. டெக் நீளங்களை, பாயின்ட் என்ற அச்சு அளவில் 65536-ல் ஒரு பங்காக எண்ணுகிறது. 0.5 அதில் பிசகில்லாமல் அடங்கும், 0.1 அடங்காது. 0-லிருந்து 0.1 படியில் ஏறினால் 0.2 வரவேண்டிய இடத்தில் 0.20001 வந்து நிற்கும். அங்கே போய் '0.2-க்குச் சமமா' என்று கேட்டால் வாழ்நாளுக்கும் 'இல்லை' தான். ஆகவே இடத்தை இரட்டிப்பாக்கினேன். புள்ளிக்குப் புள்ளி 2. இ-யின் மதிப்புகள் 14 புள்ளி வரிசையில் −13, −11 … 11, 13. 15 புள்ளி வரிசையில் −14, −12 … 12, 14. எல்லாம் முழு எண். கேள்விகள் எல்லாம் இதன்மேல். கடைசியில் புள்ளியைத் தாளில் வைக்கிற ஒரே வரியில் மட்டும் 2-ஆல் வகு.

இரட்டிப்பாக்கியதும் எதிர்பாராத ஒரு லாபம். பட்டியலைப் பார்த்தால் வ ஒற்றை என்றால் இ ஒற்றை, வ இரட்டை என்றால் இ இரட்டை. அதாவது இ + வ எப்போதும் இரட்டை. ஓரம் எங்கே முடிகிறது என்றால் |இ| + |வ| என்பது 14 ஆகும் இடத்தில். அப்படியானால் வரிசைக்கு எத்தனை என்று கணக்கே போட வேண்டாம்:

வ = −7 முதல் 7 வரை, இ = −14 முதல் 14 வரை:
    (இ + வ இரட்டை) மற்றும் (|இ| + |வ| ≤ 14) என்றால் புள்ளி வை

15 வரிசை, வரிசைக்கு 29 இடம், ஆக 435 இடங்களைத் தட்டிப் பார்த்து 169-ல் மட்டும் புள்ளி வைக்கிறது. மாவு சலிப்பது மாதிரி. வீண் வேலைதான். ஆனால் உருவம் முழுக்க ஒரே கேள்விக்குள் வந்துவிட்டது, அந்தக் கேள்வியோடு இன்னொன்றைக் கோக்கலாம். அம்மா குத்துவிளக்கு வைக்க நடுவில் இடம் விடச் சொன்னபோது அது உதவியது. (|இ| + |வ|) / 2, |வ| இரண்டில் எது பெரிதோ அதுதான் நடுவிலிருந்து எத்தனையாவது சுற்று என்பது. சுற்று 2-க்குக் குறையாமல் இருந்தால் மட்டும் புள்ளி என்றதும் நடுவில் 7 புள்ளி காலி, 162 மிச்சம். முதலில் எழுதிய 'வரிசைக்கு எத்தனை' முறையில் இதைச் செய்யப் போயிருந்தால் மூன்று வரிசைக்குத் தனித்தனி விதிவிலக்கு எழுதியிருப்பேன்.

புள்ளித் தாள்கள் ஆறாம் நாளே தயார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "சிக்குக் கோலம் வராதாடா?" என்றாள்.

சிக்கு என்றால் புள்ளியைத் தொடாமல் சுற்றி வளைந்து போகும் கோடு. கம்பிக் கோலம் என்றும் சொல்வார்கள். இதைக் கணினிக்குச் சொல்லிக்கொடுத்த கதை நம்மூரில் பழையது. தாம்பரத்தில் சென்னை கிறித்துவக் கல்லூரியிலிருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலங்களுக்கு இலக்கணம் எழுதிய கட்டுரை 1974-ல் வந்தது. வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பதுபோல, எந்தக் குறிக்குப் பதில் எதை வைக்கலாம் என்று கட்டங்களுக்கு விதி. நான் அவ்வளவு தூரம் போகவில்லை. நேர்ப்புள்ளி மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பக்கத்துப் பக்கத்து இரண்டு புள்ளிகளுக்கு நடுவே என்ன நடக்கிறது என்று பார்த்தால் இரண்டே சாத்தியம். ஒன்று, இரண்டு கோடுகள் அங்கே குறுக்கே வெட்டிப் போகும். இல்லாவிட்டால் இரண்டும் அவரவர் புள்ளிப் பக்கம் வளைந்து திரும்பிவிடும். வெட்டினால் திறப்பு, திரும்பினால் அடைப்பு என்று பெயர் வைத்துக்கொண்டேன். ஒரு புள்ளிக்கு நான்கு பக்கம், பக்கத்துக்கு இரண்டு சாத்தியம், ஆக 16 உருவம். நான்கும் அடைப்பு என்றால் வட்டம். ஒன்று மட்டும் திறப்பு என்றால் நீர்த்துளி. நான்கும் திறப்பு என்றால் வைரம். முதலில் 16-க்கும் 16 இஃப் எழுதினேன். திருப்பினால் ஒன்றாகிறவற்றைக் கழித்தால் ஆறே உருவம்தான், ஆனால் எதை எத்தனை பாகை திருப்புவது என்று மறுபடி ஒரு அட்டவணை. அட்டவணையில் ஒரு நீர்த்துளி தலைகீழாகப் போய் இரவு பதினொரு மணிக்கு எழுந்துவிட்டேன்.

காலையில் அம்மா வாசலில் போடுவதைப் பார்த்தபோது விளங்கியது. அவள் உருவம் உருவமாகப் போடுவதில்லை. ஒவ்வொரு பக்கத்துக்கு வரும்போதும்தான் 'வெட்டணுமா, திரும்பணுமா' என்று கை முடிவெடுக்கிறது. ஆகவே கண்டிஷன் உருவத்தில் இல்லை, வளைவின் முனையில் இருக்கிறது. புள்ளியைச் சுற்றி நான்கு மூலை. மூலைக்கு ஒரு வளைவு. வளைவுக்கு இரண்டு முனை. புள்ளிக்குப் புள்ளி 2 தூரம் என்றால் நடு எல்லை 1-ல் வரும். கிழக்கிலிருந்து வடக்குக்குப் போகும் மூலைக்கு:

தொடங்கும் தூரம் = (கிழக்கு திறப்பு) என்றால் 1, இல்லையேல் 0.7
கிளம்பும் கோணம் = (கிழக்கு திறப்பு) என்றால் 135, இல்லையேல் 90
சேரும் தூரம் = (வடக்கு திறப்பு) என்றால் 1, இல்லையேல் 0.7
சேரும் கோணம் = (வடக்கு திறப்பு) என்றால் 315, இல்லையேல் 0

மற்ற மூன்று மூலைக்கும் எல்லாக் கோணத்திலும் 90 கூட்டிக்கொண்டே போவது. திறப்பு என்றால் எல்லை வரை போய்ச் சாய்வாக வெட்டு. அடைப்பு என்றால் எல்லைக்கு முன்பே 0.7-ல் திரும்பு. (சேரும் கோணத்தில் நான் குழம்பியதால் சொல்கிறேன்: டிக்ஸில் அது போய்ச்சேரும் திசை இல்லை, சேர்ந்த இடத்தில் நின்று வந்த வழியைத் திரும்பிப் பார்க்கிற திசை.) 16 இஃப் இருந்த இடத்தில் நான்கு வரி. இரண்டு முனையும் திறப்பு என்றால் தானாகவே நேர்கோடு, இரண்டும் அடைப்பு என்றால் தானாகவே கால்வட்டம்.

7 – 1 நேர் படத்தில் ஓட்டினேன். சாய்ந்த ஓரங்களில் எல்லாம் கோடு அந்தரத்தில் நின்றது, பிய்ந்த கூடை மாதிரி. 'பக்கத்தில் புள்ளி இருந்தால் திறப்பு' என்பதற்கு, பக்கத்து இடம் −3-க்கும் 3-க்கும் நடுவே இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருந்தேன். அது சதுரத்துக்குச் சரி. 7 – 1 என்பது சாய்சதுரம். (நேர்ப்புள்ளியில் அரை இடம் வராது, அதனால் இங்கே இ-யை இரட்டிப்பாக்கவில்லை, புள்ளிக்குப் புள்ளி 1 என்றே எண்ணினேன்.) புள்ளி வைக்கிற லூப்பில் |இ| + |வ| ≤ 3 என்று இருக்கிறது, கோடு போடுகிற லூப்பில் வேறு கேள்வி. 'உண்டா(இ, வ)' என்று ஒரே ஒரு சார்பு எழுதி, புள்ளி வைக்கும்போதும் அதையே கேள், பக்கத்துப் புள்ளியைப் பற்றியும் அதையே கேள் என்று மாற்றினேன். இப்போது 7-ஐ 5 ஆக்கினால் ஒரே இடத்தில் ஆக்கினால் போதும். 3 – 1 நேர், அதாவது ஐந்து புள்ளி, அழகாக வந்தது. விரல் வைத்து ஓட்டிப் பார்த்தேன். ஒரே கோடு, கிளம்பின இடத்திலேயே வந்து முடிந்தது.

அம்மா கேட்டது 3 – 3. ஒன்பது புள்ளிச் சதுரம், கை எடுக்காமல் ஒரே கோட்டில். எல்லாவற்றையும் திறந்தே விட்டால் மூன்று தனிக் கோடுகள் வருகின்றன. இது தற்செயல் இல்லை. நீளத்திலும் அகலத்திலும் உள்ள புள்ளி எண்ணிக்கைகளின் மீப்பெரு பொது வகுத்தி எவ்வளவோ அத்தனை கோடு. 2 – 3 என்றால் ஒன்று, 4 – 6 என்றால் இரண்டு, 3 – 3 என்றால் மூன்று. ஒன்றாக்க வேண்டுமென்றால் எங்காவது அடைக்க வேண்டும். அழகாக இருக்கட்டும் என்று நடுப்புள்ளியின் இடமும் வலமும் அடைத்தேன். வெளியே இருந்த பெரிய வைரம் அசையாமல் தனியாகவே நின்றது.

அதற்குப் பிறகுதான் மூன்று கோட்டுக்கும் மூன்று நிறம் கொடுத்துப் பார்த்தேன். நடுப்புள்ளியைச் சுற்றிய நான்கு வெட்டும் சிவப்பும் பச்சையும் சந்திக்கும் இடங்கள். நீல வைரம் அங்கே வருவதே இல்லை. இரண்டு வேறு நிறம் வெட்டும் இடத்தை அடைத்தால் அந்த இரண்டும் ஒன்றாகும். ஆகவே ஒரு நீலம்–சிவப்பு, ஒரு நீலம்–பச்சை. மேல்வரிசை நடுப்புள்ளிக்கு வலப்பக்கம் முன்னது, இடப்பக்கம் பின்னது. இரண்டையும் அடைத்தால் மூன்றும் ஒரே கோடு, இடம் வலம் சமமாகவும் இருக்கும்.

அடைத்ததும் அந்த இடத்தில் கோடு பாதி வெட்டி பாதி திரும்பியது. ஒரு திறப்புக்கு இரண்டு சொந்தக்காரர்கள். இடப்பக்கத்துப் புள்ளிக்கு 'கிழக்கு அடைப்பு' என்று சொன்ன நான், வலப்பக்கத்துப் புள்ளிக்கு 'மேற்கு அடைப்பு' என்று சொல்ல மறந்திருந்தேன். இரண்டு முறை சொல்லாமலிருக்க, இரண்டு புள்ளிகளின் எண்களையும் கூட்டி அதையே திறப்பின் முகவரியாக வைத்தேன். யார் கூட்டினாலும் ஒரே விடைதானே. கடைசியில் கேள்வி இவ்வளவுதான்:

திறப்பு = உண்டா(பக்கத்துப் புள்ளி) மற்றும் முகவரி அடைப்புப் பட்டியலில் இல்லை

ஒன்பதாம் நாள் இரவு தாளைக் கொடுத்தேன். அம்மா அதை மேசையில் வைத்து, காய்ந்த விரலாலேயே ஒரு முறை ஓட்டினாள். மேலே நடுப்புள்ளி வந்ததும் வேகம் கொஞ்சம் குறைந்தது, திரும்பியது, மறுபடி ஓடியது. முடிந்த இடம் தொடங்கிய இடம். "ம்" என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் வேறு எதற்கோ அந்தக் குறிப்பேட்டை எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் புதிதாக ஒரு கோலம், ஓரத்தில் பென்சிலால்: '3 – 3 நேர். மேலே நடு, ரெண்டு பக்கமும் அடை.'